காசிமேட்டுக்குப் போன செல்லியம்மாள்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பத்தில் பிறந்த செல்லியம்மாள் மீன்காரி ஆவாள் என்று யாரும் நினைக்கவில்லை. கட்டியவன் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தான். அவன் பங்கு நிலத்தைக் கொழுந்தன்கள் உழுதுகொண்டார்கள். அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவளுக்கு, அம்மா அங்கம்மாளுக்கும் தம்பி தர்மனுக்கும் நடுவே இன்னொரு வாயாக உட்கார்ந்திருக்க மனசு ஒப்பவில்லை.

பெரிய காஞ்சிபுரத்து அப்துல் சத்தார் அப்போது பட்டணத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். போகும்போது காய்கறி, திரும்பும்போது காசிமேட்டு மீன். "கூடையோட வாம்மா, ஏத்திக்கினு வந்து உட்டுடறேன். விக்கிறது உன் சாமர்த்தியம்" என்றார் அவர். அறுபதுகளின் தொடக்கம் அது. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசினவர்கள் யாரும் ஒரு படி அரிசி கொண்டுவந்து கொடுக்கவில்லை.

காசிமேட்டில் விடியும்போது கால் வைக்க இடமிருக்காது. கட்டுமரங்கள் மணலில் ஏறிக் கிடக்கும். புதுசாக வந்த லாஞ்சி என்கிற மோட்டார் படகுகள் புகை கக்கிக்கொண்டு வரிசையாக நிற்கும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, வாளை என்று பிரித்துப் பிரித்துக் குவிப்பார்கள். ஏலக்காரர் ஒரு குவியலைக் கூவி முடிப்பதற்குள் அடுத்த குவியலுக்கு ஆள் அலைமோதும். ஆரம்பத்தில் செல்லியம்மாளை நன்றாக ஏமாற்றினார்கள். மேலே புது மீன், அடியில் நேற்றைய மீன். செவுளைத் தூக்கிப் பார்க்கவும், வயிற்றை அழுத்திப் பார்க்கவும், அந்தக் கரைப் பெண்களுக்குச் சமமாக வாயைத் திறக்கவும் அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

மழை பொய்த்த வருஷம் நிலத்தில் வேலையில்லை. "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு கூடை தூக்க வாடா" என்று தர்மனை அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். அவன் கூடை தூக்கியது கொஞ்ச நாள்தான். லாஞ்சிகளையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தோணி என்பவர் ஒரு லாஞ்சிக்குத் தண்டல். லாஞ்சியைச் செலுத்துவதும், எங்கே வலை போடுவது என்று சொல்வதும் தண்டலின் வேலை. ஒருநாள் அவருக்கு ஆள் குறைந்தபோது தர்மன் தானாகப் போய் நின்றான்.

"நீச்சல் தெரியுமா உனக்கு?" என்றார் அந்தோணி.

"பாலாத்துல நீந்துவேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பாலாத்துல தண்ணி எங்கடா இருக்குது? மணல்லயா நீந்தின?" என்றார் அந்தோணி. ஆனாலும் ஏற்றிக்கொண்டார். முதல் நடையில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். மறுநாளும் போனான். இரண்டு வருஷத்தில், வலை இழுக்க தர்மன் இல்லாவிட்டால் லாஞ்சியை எடுக்க மாட்டேன் என்று அந்தோணி சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டான்.

தம்பி பிடித்து வந்த மீனை அக்கா ஏலம் எடுப்பது அந்தக் கரையில் ஒரு வேடிக்கை. அவன் மேலே நின்று கூடையைக் கவிழ்ப்பான். இவள் கீழே நின்று மற்றவர்களோடு மல்லுக்கட்டுவாள். அக்காவாயிற்றே என்று ஒருநாளும் அவன் பரிந்து பேசியதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. ஏலம் முடிந்ததும் இரண்டு பேரும் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். "புரட்டாசி வந்துட்டா உங்க ஊர்ல ஒருத்தனும் மீன் தின்ன மாட்டான். நீ இன்னா பண்ணுவ?" என்று சீண்டுவான், அது தன் ஊர் இல்லாத மாதிரி. அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் காற்று திரும்பிப் புயலானது. கடலுக்குப் போன லாஞ்சிகள் ஒவ்வொன்றாகத் தப்பி வந்து சேர்ந்தன. அந்தோணியின் லாஞ்சி வரவில்லை. மழை விடாமல் கொட்டிய கரையில் செல்லியம்மாள் மற்றப் பெண்களோடு நின்றாள். காத்திருந்து பார்த்து, சத்தார் அவளைக் கைபிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

மழை விட்டபின் அவள் மறுபடி கரைக்குப் போனபோது அந்தோணி மட்டும் திரும்பி வந்திருந்தார். ஆந்திரப் பக்கம் எவனோ ஒரு கட்டுமரக்காரன் காப்பாற்றிக் கரை சேர்த்திருக்கிறான். உப்பு அரித்து முகமெல்லாம் தோல் உரிந்திருந்தது. செல்லியம்மாளைக் கண்டதும் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே பலகையத்தான் புடிச்சிக்கினு இருந்தோம்மா. பேசிக்கினேதான் இருந்தான். இன்னிக்கு அக்கா யாருகிட்ட மீன் எடுக்கும்னு கேட்டான். அப்புறம் தண்ணி, தண்ணின்னான். சுத்தி அத்தினி தண்ணி இருக்குது, குடிக்க இல்ல. நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சிப் பாத்தா அவன் இல்ல."

அழுது தீர்ந்தபின் அவள் வீடு வந்தாள். அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். அங்கம்மாள் அடுப்பருகே இருந்து, "அவனத் தேடறாங்களாடி?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து வாய் வேறு சொன்னது.

"தேடிக்கினு இருக்காங்கம்மா. ஆந்திராப் பக்கம் கரை சேந்திருப்பாங்கன்னு சொல்றாங்க."

கடல் அடங்கியதும் மறுபடி கூடையைத் தூக்கினாள். பிள்ளையார்பாளையத்தில் தறிக்கான பட்டு நூலைத் தெருவோடு நீளப் பாவு போட்டிருந்தார்கள். மீன் தண்ணீர் பட்டில் படாமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்க் கமலாட்சி வீட்டு வாசலில் இறக்கினாள். தறிக்காரர் வீட்டுப் பெண் கமலாட்சி, பழைய வாடிக்கை. அவள் கூடையைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"இப்ப வாணாம்மா. கடல்ல அத்தினி பேரு போயிருக்காங்களாமே. அந்த மீனு அவங்களத் தின்னிருக்கும். அதை எப்படி வாயில வைக்கிறது?"

தர்மன் போனது அவளுக்குத் தெரியாது. தெரிந்து சொன்னதில்லை. செல்லியம்மாள் கூடையை மூடித் தூக்கிக்கொண்டு நடந்தாள். வேகவதி ஆற்றோரம் போனதும் அவ்வளவு மீனையும் கொட்டினாள். காக்கைகள் வந்து மொய்த்தன. அதோடு காசிமேட்டுக்குப் போவதை நிறுத்தினாள். வேர்க்கடலை ஆய்கிற கூலிக்குப் போனாள்.

தை பிறந்தது. ஒருநாள் அங்கம்மாள் அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்டி கடலுக்குப் போறதில்ல?"

"உடம்பு ஒத்துக்கலம்மா."

"நீ போவாட்டி அவன் வந்து எறங்கினா யாரு இட்டுக்கினு வருவா? கரையில நம்ம ஆளு ஒருத்தர் இருக்க வாணாமா?"

தான் சொன்ன பொய் தன்னையே பிடித்துக் கரைக்குத் தள்ளிவிட்டது என்று செல்லியம்மாளுக்குப் புரிந்தது. மறுநாளே சத்தாரின் லாரியில் ஏறினாள். ஏலம் எடுத்தாள், ஐஸ் போட்டாள், விற்றாள். அந்தோணி வேறொருவர் லாஞ்சிக்குத் தண்டலாகப் போயிருந்தார். அந்த லாஞ்சி வந்தால் அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள். சாயங்காலம் வீடு வந்தால் அம்மா வாயால் ஒன்றும் கேட்க மாட்டாள். மகளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே போவாள். அழுதால்கூடத் தாங்கியிருக்கலாம். இந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் அம்மா அப்படித் தெருவைப் பார்த்தபோது செல்லியம்மாள் கூடையை இறக்கக்கூட இல்லை.

"வர மாட்டாம்மா. அந்தோணி அண்ணன் அப்பவே சொல்லிட்டாரு. நான்தான் மறைச்சிட்டேன்."

அங்கம்மாள் அவள் கூடையைப் பிடித்து இறக்கி வைத்தாள். பிறகு, "கடைசியா இன்னா கேட்டானாம்?" என்றாள்.

"தண்ணி."

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் அங்கம்மாள் பாலாற்றுக்குப் போனாள். மணலைக் கையாலேயே தோண்டி, ஊற்று தெளியும்வரை காத்திருந்து, ஒரு பித்தளைச் செம்பில் மொண்டு வாயைத் துணியால் கட்டினாள். செம்பை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடலை அவள் அதுவரை பார்த்ததில்லை.

காசிமேட்டில் வழக்கம்போல் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அந்தோணி வழி விலக்கி அவர்களை அலைக்கு அருகில் கூட்டிப்போனார். "ஆம்பள யாராவது ஊத்தணும்" என்றாள் கூட நின்ற ஒருத்தி. அங்கம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. முழங்கால் நனைய இறங்கி எள்ளை இறைத்தாள். துணியை அவிழ்த்துச் செம்பைச் சாய்த்தாள்.

"குடிடா சாமி" என்றாள்.

அவள் அழுதது அப்போதுதான். செல்லியம்மாளும் அந்தோணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

கரையேறிய பிறகு அவள் சுற்றிப் பார்த்தாள். லாஞ்சிகள், குவியல்கள், கூச்சல். "எது மேல நின்னு மீன் கொட்டுவான்?" என்று கேட்டாள். அந்தோணி தன் இப்போதைய லாஞ்சியைக் காட்டி, "இத மாதிரி ஒண்ணு மேலதாம்மா" என்றார். பார்த்துக்கொண்டே நின்றாள். செல்லியம்மாளுக்கு அன்றைக்கு மீன் எடுக்க மனசில்லை. அம்மாதான், "வந்தது வந்த, எடுத்து ஐஸ் போட்டு வை. அமாவாசை இன்னியோட முடிஞ்சிரும், நாளைக்கு விக்கலாம்" என்றாள்.

மறுநாள் காலை ஓரிக்கையில் லாரி நின்றது. சத்தார் கதவைத் திறந்துவிட்டார். அம்மாவோடு தானும் இறங்கப் போனாள் செல்லியம்மாள். அங்கம்மாள் அவள் கையை எடுத்துவிட்டாள்.

"நான் பாத்துப் போயிக்கிறேன். நீ போயி வித்துட்டு வா. வெயில் ஏறினா கெட்டுப்பூடும்."

அன்றைக்குத்தான் கமலாட்சி மறுபடி சங்கரா வாங்கினாள்.