வாசல் மண்

காப்பிச் செடிகள் பட்டுப்போன ஹந்தானைச் சரிவில் இன்று புதுத் துரை ஒருவர் மண்ணைத் தோண்டிப் போத்தலில் அடைக்கிறார். அந்த ஈரவாசனையில் நான் மறுபடி சிறுமியாகிவிட்டேன்.

அன்றும் ஒரு துரை வந்து மழையை அளந்தார், சரிவை அளந்தார், கடைசியில் தோட்டக் கூலிகள் நாங்கள் வரிசையாய்க் குடியிருந்த லயத்து வாசலில் மண் அள்ளிப் போத்தலில் அடைத்தார். அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது.

"காலடி மண்ண எதுக்குடி எடுக்குறான்? நம்மள ஊருக்குத் திரும்பவிடாம செய்வினை வைக்கப் போறான்."

அவர் அசந்த நேரம் பார்த்துப் போத்தலில் அடுப்புச் சாம்பலைக் கலந்து மந்திரத்தை முறித்தாள்.

சோதித்தவர்கள், இந்த மலையிலேயே வளமான மண் எங்கள் வாசல் மண்தான் என்றார்களாம். லயத்தை இடித்துவிட்டுக் காப்பி நட்டார்கள்.

"செய்வினைன்னு சொன்னேன்ல?" என்றாள் அம்மா.

இதோ, புதுத் துரை என் வாசலுக்கு வருகிறார். என் காலடித் தடத்தை அழித்துவிட்டேன். சாம்பலை மட்டும் தொடவில்லை.