கல்லா, எலும்பா: செம்பூரிலிருந்து ரையோலிக்கு

என் கணவர் ஜெபராஜ் ஆறு வருடத்துக்கு முன், குஜராத்தின் ரையோலி கிராமத்து வயல் வரப்பில் கண்டெடுத்த துண்டு அது. உள்ளங்கை நீளம், அளவுக்கு மீறிய கனம். டைனோசர் எலும்பு என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். போன ஜூனில் அவர் இறந்தார். எட்டு மாதம் அது என் தலைமாட்டில் இருந்தது. இந்த பிப்ரவரியில், அங்கேயே விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டிக் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

முந்தின நாள், தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் அவருடைய அண்ணனிடம் சொல்லிக்கொள்ளப் போனேன்.

"தோலும் எலும்புமா முப்பது வருசம் கெடக்கேன், எனக்குத் தெரியாதா? இது கல்லு. டிக்கெட்டு, லாட்ஜு எல்லாம் ஃபால்தூ செலவு."

"எலும்புன்னு சொல்லிட்டா, அத்தான்?"

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப சர்க்கார் சொத்துன்னு அங்கனயே வச்சுட்டுல்லா வரணும்? அவன் ஜெயிச்சிருவான், நம்ம கையில ஒண்ணும் இருக்காது. பேசாம வீட்லயே கெடக்கட்டும், தாயி."

என் சிக்கலும் அதுதான். கல் என்றால் என்னோடு திரும்பி வரும். அவர் சொன்னது பொய்யாகும். எலும்பு என்றால் அவர் சொன்னது மெய். அது அங்கேயே தங்கிவிடும். எது வேண்டும் என்று ரையோலி போய்ச் சேரும்வரை எனக்குத் தெரியவில்லை.

மும்பையிலிருந்து காலை 5.50க்கு ரயில், 11.15க்கு வடோதரா. அங்கிருந்து பாலாசினோர் சுமார் 90 கிலோமீட்டர். பஸ் 110 ரூபாய், இரண்டரை மணி நேரம். பிறகு ரையோலிக்கு ஆட்டோ, 250 ரூபாய். (தண்ணீர் கையில் இருக்கட்டும், பிப்ரவரியிலேயே வெயில் சுடுகிறது.)

புதைபடிவப் பூங்காவில் வழிகாட்டியாக இருந்தவர் ஹன்சாபென், உள்ளூர்ப் பெண். (குஜராத்தியில் 'பென்' என்றால் சகோதரி.) இந்தியில் பேசினோம். துண்டை உலர்ந்த பிரஷால் தட்டி, உடைந்த முனையைக் காட்டினார். பிட்ட இட்லி போலத் துளைகள். "துளையை மட்டும் நம்பாதீங்க, பென். உங்க மும்பைக் கருங்கல்லுலயும் துளை உண்டு. நாக்கு நுனியை வச்சுப் பாருங்க. கல்லுல ஒட்டாது. எலும்பு பெரும்பாலும் பிடிச்சுக்கும்."

"எல்லார் முன்னாலயுமா?"

"இங்க எல்லாரும் நக்கினவங்கதான்!"

வைத்தேன். பிடித்துக்கொண்டது. இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அவர் லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். துளைகள் தனித்தனிக் குமிழிகளாக இல்லை, வலைபோல ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. "எலும்புதான். எங்க கிடைச்சது?"

ரயிலிலேயே ஒரு பதில் தயார் செய்திருந்தேன்: மும்பையில் மான்குர்த் பக்கம், ஒரு மண்மேட்டில். அதைச் சொல்லியிருந்தால் கையோடு கொண்டுவந்திருப்பேன்.

"இங்கேதான். என் கணவர் எடுத்தது" என்றேன். அடியில் அவர் ஒட்டி எழுதியிருந்த பிளாஸ்திரியைப் படித்துச் சொன்னேன்: 'கிணற்றுக்கு வடக்கே, இரண்டாம் வரப்பு.' ஹன்சாபென்னுக்குச் சந்தோஷம். இடம் தெரியாத எலும்பால் பாதிப் பயன்தானாம். பிளாஸ்திரியையும் உரிக்காமல் வைப்பதாகச் சொன்னார்.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை என்றார்கள், விசாரித்துக்கொண்டு போங்கள். பாலாசினோரில் லாட்ஜ் 900 ரூபாய், சுத்தமாக இருந்தது. வயலில் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே படம் பிடித்து, அங்குள்ளவர்களிடம் சொல்லுங்கள். அவர் எடுத்து வந்தது தவறு. அந்தத் தவறு இல்லையென்றால் இந்த எட்டு மாதத்தை எப்படிக் கழித்திருப்பேன் என்று தெரியவில்லை.

துண்டை வாங்கி வைத்த ஹன்சாபென், நோட்டில் எழுதக் கண்டெடுத்தவர் பெயர் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டே, "ஒருநாள் அவரையும் கூட்டிட்டு வாங்க, பென். எந்தக் கிணறுன்னு காட்டட்டும்" என்றார்.

"கூட்டிட்டு வரேன்" என்றேன்.