நீக்கச் சொன்ன ஒடியா வரி

முசே ரொபேர், நீங்கள் பிகாஷை ஊர்வலத்தில் நடக்க விடவில்லை. அவன் ஒடிசாக்காரன், அதுதான் காரணம். தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை, அந்த வேலைக்கு அவனை நிறுத்தினோம் என்று நீங்கள் சொல்லித் திரிவது பொய்.

தட்டாஞ்சாவடியில் ஒரு ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் யூனிட்டில் இருபத்திரண்டு வருஷமாக டிசைன் செக்‌ஷனில் இருக்கிறேன். உங்களுக்கு மட்டுமில்லை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பிகாஷ் எங்கள் மெஷின் ஆபரேட்டர். "எழுதுங்கக்கா, பேரையும் போடுங்க" என்று அவனே சொல்லிவிட்டான்.

ரொபேர் சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பேரனுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட். வருஷத்தில் பாதி பாரிஸில், பாதி இங்கே சாரத்தில். தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்காக பீச் ரோட்டில் ஊர்வலம் நடத்துகிறார். பேனர் ஆர்டரை எடுக்க முதலாளி தயங்கினார். நான்தான் சண்டை போட்டு எடுக்க வைத்தேன்.

பேனரில் "யாரா இருந்தாலும் வாங்க" என்று ஒரே வரி, தமிழ், பிரெஞ்சு, இங்கிலீஷ் மூன்றிலும். மேட்டர் கொடுக்க வந்த அன்று டீ குடித்துக்கொண்டே ரொபேர் சொன்னார்: "பாரிஸ்ல எங்க ஆளுங்க கூடுற பாருக்குப் போனேன் மேடம். வாசல்லயே நிறுத்திட்டான். தோலப் பாத்துட்டு, பூ விக்க வந்தவன்னு நெனச்சிட்டான்."

பிகாஷும் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் போன பிறகு என்னிடம் வந்தான்.

"அக்கா, எங்க பாஷைலயும் ஒரு லைன் போட்டா சார் ஒத்துக்குவாரா?"

ஒடியாவில் அவனே டைப் அடித்தான். ப்ரூஃபில் நாலாவது வரியாகச் சேர்த்தேன்.

மறுநாள் ரொபேர் பார்த்தார். "இன்னா மேடம், இந்தி எதுக்கு இதுல? தூக்குங்க."

"இது இந்தி இல்ல சார், ஒடியா."

"எல்லாம் ஒண்ணுதான்."

மெஷின் பக்கத்திலிருந்து பிகாஷ் சிரித்தான். "சார், இந்தின்னா மேல கோடு இருக்கும். எங்களுது உருண்டை. உங்க தமிழ் மாதிரிதான்." பிறகு, ஒட்டுகிற செக்‌ஷன் ஆட்கள் அத்தனை பேரும் கேட்கச் சொன்னான்: "நானும் உங்க ஆளுதான் சார். ஞாயித்துக்கிழமை நடக்க வரேன்."

அதுவரை அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம்கூட.

ரொபேர் என்னை வெளியே அழைத்துப் போனார். "போன தடவ எங்களக் கிண்டல் பண்ணது பூரா வடக்கனுங்கதான் மேடம். இப்ப இவன் நடந்தா, வெளியூர் ஆளுங்கள எறக்கிட்டாங்கன்னு பேசுவாங்க. இது லோக்கல் ஆளுங்க ஊர்வலம்."

"கிண்டல் பண்ணவன் இவனா சார்? வாசல்ல நிறுத்துன அந்த பார்க்காரனும் இதத்தான சொல்லியிருப்பான்?"

"அது வேற மேடம்" என்றார். முதலாளியிடம் போய்ப் பேசினார். முதலாளி சொன்னதும் அந்த வரியை என் கையால்தான் அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிகாஷ் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனான். பேனருக்குப் பின்னால் நிற்கப் போனவனை ரொபேரே ஓரமாகக் கூட்டிப்போய், தண்ணீர் பாட்டில் பெட்டி பக்கத்தில் நிறுத்தினார். ஊர்வலம் முடியும்வரை அங்கேயே நின்றிருக்கிறான்.

திங்கட்கிழமை ஒட்டுகிற செக்‌ஷன் பாபு ஆரம்பித்தான். "இன்னாடா, உங்க ஆளுங்களே உன்ன சேத்துக்கலயாமே?"

"வாய மூடிக்கினு வேலையப் பாருடா" என்றேன்.

பிகாஷ் தலை நிமிராமல் ரோலை மாட்டினான். "தண்ணி நல்லா குடிச்சாங்கக்கா."

நான் யோக்கியம் இல்லை. அவன் வந்த புதிதில் ஒரு வருஷம் "ஏய் வடக்கன்" என்றுதான் கூப்பிட்டேன். அப்போது அது தப்பாகத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் எழுத்துப் பிழைக்குத்தான் ப்ரூஃப் பார்த்திருக்கிறேன். எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் ஒரு பேனர் பொய் சொல்லலாம் என்று இந்த ஆர்டரில்தான் தெரிந்தது. கஸ்டமர் தூக்கச் சொன்னார், முதலாளி சொன்னார் என்பதெல்லாம் சாக்கு. அழித்தது நான். பிகாஷிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இப்போது உங்கள் முறை, முசே. அடுத்த மாதம் காந்தி சிலை அருகே கூட்டம் போடுகிறீர்கள். பிகாஷ் வருவான், நானும் வருகிறேன். அவனை ஏன் நடக்க விடவில்லை என்று மைக்கில் சொல்லுங்கள். தமிழில் சொன்னால் போதும். அவனுக்கு நன்றாகப் புரியும்.