காற்றோட்டமான வீடு

திண்டுக்கல்லில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "தண்ணி வருமா?" என்றுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் என் கணவரும் வீடு தேடி அலைந்தபோது அதையேதான் கேட்டோம். "குழாய்ல வரும். வராத அன்னைக்கு வண்டித் தண்ணி வாங்கிக்கிரலாம்" என்றார் வீட்டுக்காரம்மா. பிறகு சன்னல்களை எல்லாம் படபடவென்று திறந்துவிட்டு, "காத்தோட்டமான வீடு தாயி. ஃபேன் போடுற வேலையே இருக்காது" என்றார். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கல்யாணமான புதிது. என் கணவருக்கு அந்த ஊரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை. காலை வெயிலில் வீடு பளிச்சென்று இருந்தது. சரி என்று சொல்லிவிட்டோம்.

வீட்டுக்காரம்மா காலையில் மட்டும்தான் வீடு காட்டுவார் என்பது குடிவந்த அன்று சாயங்காலம் தெரிந்தது. அப்போதுதான் விளக்கேற்றியிருந்தேன். குப்பென்று ஒரு நாற்றம். எங்கோ எலி செத்துக்கிடக்கிறது என்று நினைத்து என் கணவரைப் பீரோவை நகர்த்தச் சொன்னேன். பரணில் ஏறிப் பார்க்கச் சொன்னேன். அவரும் பாவம், புதுமாப்பிள்ளை முறுக்கோடு ஏறி இறங்கினார். எதிர்வீட்டு வாசலில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எலியெல்லாம் இல்லம்மா. எங்க தோல் ஷாப்பு வாசந்தான். அந்தியில காத்து திரும்பும்ல?"

தெருக்கோடியைத் தாண்டினால் தோல் பதனிடும் தொழிற்சாலை. பகலெல்லாம் காற்று மலைக்கோட்டைப் பக்கமிருந்து வீசும். சாயங்காலம் திரும்பிவிடும். ஊறப்போட்ட தோல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை எல்லாம் கூட்டாகக் கிளம்பி எங்கள் தெருவுக்குள் நுழைந்து, ஒரு வீடு விடாமல் நலம் விசாரித்துவிட்டுப் போகும்.

நான் பழனிக்காரி. அடிவாரத்தில் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தம் செய்யும் தொழில். நெய்யும் ஏலக்காயும் மணக்கிற வீட்டில் வளர்ந்த மூக்கு இது. மறுநாள் நேராக வீட்டுக்காரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "ஏனுங்க, இப்படி ஏமாத்தலாமுங்களா? மனுசங்க குடியிருக்கற எடமுங்களா இது?" என்று கத்தினேன். அவர் கன்னத்தில் கைவைத்து ரசித்துக் கேட்டார். "அடியே, இங்க வந்து கேளுங்கடி, இந்தப் புள்ள வையிறதக்கூட எம்புட்டு மரியாதையா வையிது!" என்று அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டார். என் கோபம் எடுபடவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூப்பிட்டதும் வந்து நின்றவர்கள்தான் பிறகு என் உலகமாக இருந்தார்கள். வீட்டுக்காரம்மாவுக்குச் சின்னாளபட்டி பிறந்த ஊர். சுங்குடிச் சேலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்றுவருவார். பக்கத்து வீட்டு நர்ஸம்மா கிறிஸ்தவர். ஊசியோடும் ஜெபமாலையோடும் தெருவுக்கே வைத்தியம் பார்ப்பார். எதிர்வீட்டு அக்கா முஸ்லிம். அவருடைய கணவர் அந்தத் தோல் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார். தெருவில் எல்லோரும் அவரைப் பாய் என்பார்கள், நான் அண்ணா என்பேன்.

அண்ணா வேலை முடிந்து வரும்போது தெருவோரச் சுவரை ஒட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, விறுவிறுவென்று நடப்பார். யாரோடும் பேசமாட்டார். வீட்டின் பின்பக்கம் போய்க் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசனையுமாக முன்வாசலில் வந்து நின்று, அப்போதுதான் ஊரிலிருந்து வந்தவரைப் போல, "என்னம்மா, சாப்டாச்சா?" என்று ஒவ்வொருவரையும் விசாரிப்பார்.

மூக்குக்கு ரோஷம் கிடையாது. அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த நாற்றம் எனக்குத் தெரியாமலே போனது. பழனியிலிருந்து வந்த என் தம்பி கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "ஏன்டா, சளியா?" என்று கேட்டேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

அப்புறம் மசக்கை வந்தது. சோறு கொதித்தால் குமட்டியது. தாளித்தால் குமட்டியது. என் கணவர் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் குமட்டியது. அவர் எண்ணெயை விட்டுவிட்டுப் பரட்டைத் தலையோடு ஆபீஸ் போனார். நர்ஸம்மா என் நாடியைப் பிடித்துப் பார்த்து, "மாதாவே, நல்ல சேதிதான்" என்று சிரித்தார். வாந்தி நிற்காமல் போகவே தெருப்பெண்கள் எங்கள் வாசலில் கூடிப் பேசினார்கள். குற்றவாளி யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தோல் ஷாப்பு நாற்றம்தான். எதிர்வீட்டு அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"எங்களாலதான் இந்தப் புள்ளைக்கு இம்புட்டுக் கஷ்டம்" என்றார்.

அன்றிலிருந்து நாற்றத்தின் மீது போர் தொடங்கியது. வெயில் சாயும் முன்பே வீட்டுக்காரம்மா என் சன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் பழைய சாக்கைத் திணித்தார். வெளியே போய்வரும்போதெல்லாம் பந்து பந்தாக மல்லிகைப் பூ வாங்கிவந்து கதவில் தொங்கவிட்டார். நர்ஸம்மா வாசலைப் பினாயிலால் கழுவினார். எதிர்வீட்டு அக்கா தினமும் அந்திக்குச் சாம்பிராணித் தட்டோடு வந்து வீடு முழுக்கப் புகை போட்டார். போதாததற்கு வீட்டுக்காரம்மா அண்ணனையே நிறுத்தி, "பாய், தப்பா நெனைக்காதீக. புள்ளத்தாச்சி இருக்கா. கொஞ்ச நாளைக்குப் பின்சந்து வழியா வந்துருங்களேன்" என்றார். "அதுக்கென்னம்மா, ஆகட்டும்" என்றார் அவர். மறுநாளிலிருந்து அவர் தெருவில் வருவதே நின்றுபோனது.

அவர்கள் அன்பு கூடக்கூட என் நிலைமை மோசமானது. மல்லிகைக்கு ஒரு வாந்தி, சாம்பிராணிக்கு ஒரு வாந்தி, பினாயிலுக்கு ஒரு வாந்தி. நான் வாந்தி எடுத்தால் இன்னும் கொஞ்சம் சாக்கு திணித்தார்கள். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இறங்கிக்கிட்டே போகுது. நீங்க சாப்பிட்டாத்தான் உள்ள இருக்கறது வளரும்" என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. அதுவரை தெருவே என்னைத் தாங்குகிறது என்ற பெருமையில் இருந்தவள், அன்றிரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நல்ல காற்று உள்ள இடத்துக்கு அனுப்பிவிடுவதுதான் சரி என்று எல்லோரும் சொன்னார்கள். பழனி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார்கள்.

பழனியில் நல்ல காற்றுக்கு என்ன குறை? ஆனால் அப்பா மலைவாழைப்பழத்தை உரித்துப் போட்டு, சர்க்கரையும் பேரீச்சம்பழமும் சேர்த்துப் பிசையத் தொடங்கினால் நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். "கண்ணு, சாமி பிரசாதம், ஒரே ஒரு வாயி" என்று அம்மா விரலில் எடுத்துக்கொண்டு பின்னால் வருவார். நான் ஓடுவேன். கஞ்சி, இளநீர், மோர் எதுவும் நிற்கவில்லை. அம்மா முருகனுக்கு நேர்ந்துகொண்ட காணிக்கைகளை எல்லாம் நிறைவேற்ற அப்பா இன்னொரு கடை போடவேண்டியிருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வந்தார். எதிர்வீட்டு அக்கா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் ஒரு துணிப்பைக்குள் இருந்தது. பையைக் கட்டிலில் வைத்தார். படுத்திருந்த எனக்கு வாயில் எச்சில் ஊறியது. குமட்டலுக்கு முன்னால் ஊறும் எச்சில் இல்லை, பசி எச்சில். எழுந்து பைக்குள் முகத்தை விட்டேன். அது அண்ணா தினமும் வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பை. தோலும் சுண்ணாம்பும் பட்டையும் சேர்ந்த அந்திக் காற்று முழுசாக அதற்குள் இருந்தது.

"அம்மா, சோறு போடுங்க" என்றேன்.

ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன். ஊறுகாய் செய்த மாயம் என்று அம்மா அந்தப் பாட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதை நான் திறக்கவே இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தார். நான் மடியில் வைத்திருந்த பையை வாங்கி மோந்து பார்த்து, "அட முருகா! என்ன கண்ணு இது, இந்த நாத்தம் நாறுது?" என்று தூர எறிந்தார். நான் எடுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினேன். மறுநாள் கண் விழித்தபோது பை சோப்புப் போட்டுத் துவைக்கப்பட்டுக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் குய்யோ முறையோ என்று அழுதேன். மதியம் சாப்பிட்டது மறுபடியும் வெளியே வந்தது.

அம்மாவால் தாங்கமுடியவில்லை. "முருகன் பிரசாதங் கொமட்டுது, தோலு நாத்தம் மணக்குதா உனக்கு? வெளிய சொன்னாச் சிரிப்பாங்க!" என்றார்.

வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமல் பேசினார். "அடுப்புச் சாம்பலைத் திங்கிறவ இருக்கறா. செவுத்துச் சுண்ணாம்பைப் பேத்துத் திங்கிறவ இருக்கறா. உம்மவ மோந்துதானே பாக்கறா? இவ உன் வயித்துல இருந்தப்ப நீ என்னத்தைத் தின்னேன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லட்டுமா?"

அம்மா சட்டென்று உள்ளே போய் என் துணிகளை மடித்து வைத்தார். அது என்ன பண்டம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லீவு போட்டு இருந்த என் கணவர் அன்றைக்கே என்னைத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்தார்.

தெருவில் இறங்கும்போது காற்று திரும்பிவிட்டிருந்தது. "அடி ஆத்தீ, இந்த நேரத்துலயா வாறது!" என்று வீட்டுக்காரம்மா சன்னலைச் சாத்த ஓடினார். "சாத்தாதீங்க. அந்தச் சாக்கை எல்லாம் எடுத்துப் போடுங்க" என்றேன். வாசலில் உட்கார்ந்து பை விவகாரத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். வீட்டுக்காரம்மா தரையில் அடித்து அடித்துச் சிரித்தார். நர்ஸம்மா சிலுவை போட்டுக்கொண்டே சிரித்தார். எதிர்வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க சொந்தக்காரவுகளே அந்தியில வந்தா எங்க வீட்ல தண்ணி குடிக்கமாட்டாக" என்றார். "இந்த மனுசன் ரெண்டு சோப்புத் தேய்க்காம எம்புள்ளைகளத் தொட்டுத் தூக்குனதில்ல. நீ அதத் தேடி பஸ் ஏறி வந்தியாம்மா?" முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பசி பொறுக்கவில்லை.

"அண்ணனைப் பின்சந்து வழியா வரவேண்டாம்னு சொல்லுங்கக்கா" என்றேன்.

அக்கா எழுந்து சந்துக்கு ஓடினார். நர்ஸம்மா தன் வீட்டிலிருந்து ஒரு தட்டில் சோறும் குழம்பும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் அண்ணா தெரிந்தார். வேலை செய்த அதே அழுக்குச் சட்டை, கறைபட்ட கைகள். பழக்கப்படி சுவரோரமாக ஒதுங்கினார்.

"அண்ணா, இந்தப் பக்கமா வாங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அக்கா தலையாட்டினார். தெருவின் நடுவில் மெதுவாக நடந்து எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்ணா. நான் சாப்பிடற வரைக்கும் நில்லுங்க."

நின்றார். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். ஒரு பருக்கை கூடக் குமட்டவில்லை. தட்டு காலியானதும் நிமிர்ந்து பார்த்தேன். அவர் இப்போது கைகளை முன்னால் விட்டிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் போட்டுக்கம்மா" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."