மூளைப் பெட்டியில் ஒரு சந்தனப் பொட்டு

சாமி கும்பிட்டதால் கார் கெட்டுப்போனது என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எத்தனையோ பொய்களைக் கேட்டிருக்கிறேன். முத்திரை குத்திய பொய்யை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன்.

எண்பதுகளின் பின்பாதி. மலேசியாவில், சுங்கை பட்டாணியில் கார் வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ரப்பர் தோட்டத்தின் மேலாளர், அதாவது துரைக்குப் புதுக் கார் வந்திருந்தது. கார்புரேட்டர் கிடையாது. இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை முன்சீட்டுக் காலடியில், கம்பளத்துக்குக் கீழே கிடந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டி தீர்மானித்தது. அதைக் காரின் மூளை என்றார்கள்.

ஆயுத பூஜையன்று தோட்டத்தில் லாரிக்குப் பொட்டு, டிராக்டருக்குப் பொட்டு, பால்வெட்டுக் கத்திக்கும் பொட்டு. துரையின் டிரைவர் அண்ணன் கம்பளத்தைத் தூக்கி அந்தப் பெட்டிக்கும் ஒன்று வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் செம்மண் சாலையில் கார் குலுங்கியது. முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இஞ்சின் அணைந்தது. சர்வீஸ் நிலையத்தில் கம்பளத்தைத் தூக்கினார்கள், பொட்டைப் பார்த்தார்கள், சோதனை முடிந்தது. பூஜைத் தண்ணீர் இறங்கிக் கம்ப்யூட்டர் பழுது, புதுப் பெட்டி கப்பலில் வர வேண்டும் என்று அந்தக் காகிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பொட்டே போதுமான சாட்சியாம்!

துரை நம் ஆள்தான். வெள்ளைக்காரன் விட்டுப்போன நாற்காலியில் அவனைவிட விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமையோடு வேலை இல்லை, வீட்டையும் காலி செய் என்றுவிட்டார். வேலையோடு வந்த வீடு, தொழிலாளர்களின் லயத்து வரிசையில் ஒன்று. அதில் மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும்.

அண்ணன் என்னிடம் வந்தார். "தண்ணி ஊத்தல தம்பி. சந்தனத்த கொழச்சி ஒரு வெரலால தொட்டு வச்சேன், அவ்ளோதான்லா. மூளைய விட்டுட்டு பம்பருக்கு மட்டும் வச்சா நல்லாவா இருக்கும்?"

நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்ப்யூட்டருக்கு எதுக்குண்ணே பொட்டு? பொண்ணு பாக்க வராங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் காகிதம் சொன்னதை நானும் பாதி நம்பித்தான் சிரித்தேன். சர்வீஸ்காரன் மீது எரிகிற கோபத்தில் ஒரு பங்கு, அன்று இளித்த என் பல்லுக்கும் இன்றுவரை உண்டு.

"கெட்டது இனிமே என்ன கெடப் போவுது, பாத்துட்டுப் போங்க" என்று துரை அனுமதித்தார். வெள்ளிக்கிழமை காலை, தோட்டத்துக் கொட்டகை. முதலில் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஈரத்தின் சுவடே இல்லை. ஊசிகள் ஒவ்வொன்றும் பளபளத்தன. மூடிமேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, பாவம், ஒரு குற்றமும் அறியாமல்.

பிறகு இஞ்சின் பக்கமிருந்த சோதனை முனையில் இரண்டு துளைகளைத் துண்டு வயரால் இணைத்தேன். அப்படிச் செய்தால் மஞ்சள் விளக்கு கண்சிமிட்டிக் கோளாறைச் சொல்லும். எத்தனை சிமிட்டல் என்பதுதான் அதன் பேச்சு. அண்ணன் ஸ்டீரிங்கில் உட்கார்ந்து சத்தமாக எண்ணினார், நான் எழுதினேன்.

"ரெண்டு... நிறுத்துது... மறுபடி ரெண்டு. என்னா தம்பி, என்னைப் பாத்து கண்ணடிக்குது!"

தண்ணீர்ச் சூட்டை அளப்பது கெட்டது என்றது. அடுத்து, காற்றை அளப்பது கெட்டது என்றது. அடுத்து, பெடல் மிதியை அளப்பதும் கெட்டது என்றது. மூன்று பேர் ஒரே நாளில் ஒன்றாகச் சாவார்களா? அந்த மூன்றுக்கும் பொதுவானது ஒரே ஓர் எர்த் வயர். அதைத் தடவிக்கொண்டே போனேன். இஞ்சின் உடம்பில் அது முடியும் இடத்தில் ஒரு போல்ட். ஸ்பேனரே தேவைப்படவில்லை. விரலால் சுழன்றது.

அதன் தலையில் மஞ்சள் பெயின்ட். சர்வீஸ் நிலையத்தில் முடுக்கிய போல்ட்டுக்கெல்லாம் வைக்கும் அடையாளம். பூஜைக்கு முந்தைய வாரம் கார் அங்கேதான் போய்வந்தது. முடுக்காமலே முடுக்கியதாகப் பொட்டு வைத்திருக்கிறார்கள்! அவர்கள் வைத்த பொட்டை எவனும் கேட்கவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்னது சந்தனம் வைத்தவனை.

சுரண்டித் துடைத்து முடுக்கினேன். பியூஸைப் பிடுங்கிப் பழைய கோளாறுகளை அழித்துவிட்டு, பள்ளம் பார்த்துப் பள்ளம் பார்த்து மூன்று சுற்று ஓட்டினோம். மஞ்சள் விளக்கு எரியவே இல்லை.

துரை தானே ஒரு சுற்று போய்வந்தார். நான் போல்ட்டைக் காட்டிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "சரி. அவன் இருக்கட்டும்" என்று சாவியை என்னிடம் நீட்டினார். "அவன்கிட்ட குடுத்துடு."

அவன் என்று அவர் சொன்னவர் பங்களாப் படிக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தார். நான் கையை நீட்டவில்லை.

"இங்கதானே நிக்கிறாரு தொரை. நீங்களே குடுங்க. அந்தக் காயிதம் பொய்யின்னும் சொல்லுங்க."

வேண்டாம் என்று அண்ணன் கண்ணாலே கெஞ்சினார். துரை சாவியை அண்ணன் பக்கம் திருப்பினார். வாயைத் திறக்கவில்லை. அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

என்னை டவுனில் விட வரும்போது திட்டித் தீர்த்துவிட்டார். "ஒனக்கென்னா, ரோசப்பட்டுட்டு கடைக்குப் போயிடுவ. அந்தாளு சாவிய திருப்பி பாக்கெட்ல போட்டிருந்தா? மூணு பொட்டப்புள்ளைங்கள எங்கடா கொண்டு போறது?"

"தப்பு அவங்க மேலண்ணே."

"தெரியும்டா! எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் பங்களாவுக்குள் போய்விட்டார். பயப்பட வேண்டாதவர் பயந்துகொண்டு என் பக்கத்தில் கார் ஓட்டினார்.

லயத்துக்கு எதிரே வேகத்தைக் குறைத்து நீளமாக ஹார்ன் அடித்தார். அவர் மனைவி வாசலில் குந்தி, பாத்திரங்களைப் போர்வையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"அவுத்துடு! எல்லாத்தயும் அவுத்துடு!"