வேர் பிடிக்காத பன்னீர் ரோஜா

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் சேலையூரில் வீடு கட்டிக் குடிபோனபோது, எங்கள் காலனியில் காசு கொடுத்துச் செடி வாங்கியவர் என்று ஒருவரும் கிடையாது. ஒரு வீட்டில் செம்பருத்தியை வெட்டிவிட்டால் அடுத்த மாதம் நாலு வீட்டில் செம்பருத்தி நிற்கும். நந்தியாவட்டை, குரோட்டன்ஸ், டிசம்பர் பூ எல்லாமே யாரோ ஒடித்துக் கொடுத்து யாரோ ஊன்றி வைத்து வந்தவைதான். மண்ணோ வெறும் சரளை. கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். அந்த மண்ணிலேயே நான் நட்ட முருங்கைப் போத்து மூன்று மாதத்தில் குடை மாதிரி தழைத்தது. எதிர்வீட்டு சார் துணிக்கொடி கட்ட நட்ட பூவரசங் கம்புகள் இரண்டும் துளிர்த்துக் கிளைவிட்டு, கடைசியில் அவர் வீட்டில் துணி காயப்போட வெயிலே இல்லாமல் போயிற்று.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குக் கைராசி இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எல்லாம் வந்தது. ஒரே ஒரு பன்னீர் ரோஜாதான் வரவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்த ரோஜா என் அம்மாவுடையது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாசல் சுவரை ஒட்டி அப்பா வைத்த செடி, சுவருக்கு மேலே எழுந்து தெருவில் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். வெளிர் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நான் ஒரே பெண். சேலையூர் வீட்டில் அம்மாவுக்கென்றே கிழக்குப் பார்த்த ஜன்னலோடு ஒரு அறை கட்டினோம். கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துப் போட்டுவிட்டேன். அம்மா வரவில்லை.

முதலில் சும்மா தள்ளிப்போட்டாள். அந்தச் சமயத்தில்தான் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். எழுந்து உட்கார அரைமணி நேரம் ஆயிற்று என்பதையே ஒரு வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள், அதுவும் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில். இனி ஒரு நாள்கூட இங்கே தனியாக இருக்கக் கூடாது என்று கத்தினேன். அம்மா கத்தவில்லை.

"அப்பா வச்ச ரோஜா உன் வீட்டுல வேர் பிடிக்கட்டும். அன்னைக்கே நான் பெட்டியைக் கட்டுறேன். அதை விட்டுட்டு நான் எப்படி வர்றது?" என்றாள்.

செடியையே பெயர்த்துக்கொண்டு போகலாம் என்றேன். அடிமரம் மணிக்கட்டுத் தடிமன், வேர் சுவருக்கு அடியில் போயிருக்கிறது, பெயர்த்தால் செத்துப்போகும் என்றாள். அதுவும் நியாயம்தான். ரோஜாக் குச்சி நடுவது பெரிய வித்தையா என்ன? பென்சில் கனத்தில் முற்றின கிளையைச் சாய்வாக வெட்டி, நிழலில் ஊன்றி, காயாமலிருக்க மேல்நுனியில் ஒரு சாணி உருண்டையை வைத்தால் ஆயிற்று. பன்னீர் ரோஜா வராத வீடு உண்டா? ஒரு மாதத்தில் அம்மா வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமைகளில் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் முடிந்து, ரயில்வே கேட்டைத் தாண்டி அம்மா வீட்டுக்குப் போவேன். அம்மா குச்சிகளை வெட்டித் தயாராக ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பாள். நானே வெட்டிக்கொள்கிறேன் என்றால் விடமாட்டாள்.

"உனக்கு முள்ளு குத்தும். நான் வெட்டிக் கஞ்சித் தண்ணியில முக்கி வச்சிருக்கேன். சீக்கிரம் வேர் விடும்."

முதல் ஐந்து குச்சிகளும் பத்தே நாளில் கறுத்தன. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஆடியில் நட்டது அழுகிப்போனது. மழை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது முறை சரளையை இரண்டடி தோண்டி எறிந்துவிட்டுச் செம்மண்ணும் மணலும் கலந்து போட்டேன். நான்காவது முறை தகர டப்பாக்களில் நட்டு, ராத்திரி உள்ளே, பகலில் நிழலில் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிவதுபோல் திரிந்தேன். பக்கத்துக் குழியில் அதே சாணி, அதே தண்ணீரில் டிசம்பர் பூ கொழுகொழுவென்று நிற்கிறது, இது மட்டும் கருகுகிறது. ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் டப்பாவோடு தூக்கிச் சுவரில் அடித்தேன். என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

ஒவ்வொரு முறையும் அம்மா கேட்பாள், "வேர் விட்டுதா?" வரவில்லை என்றால், "கர்த்தருக்குச் சித்தமானா வரும்" என்பாள். கர்த்தர் என்ன, ஒரு ரோஜாக் குச்சிக்கு எதிராகவா நிற்கிறார்? அம்மாவிடம் அப்படிச் சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த குச்சிக் கட்டை வாங்கிக்கொண்டு வருவேன்.

எங்களுக்குப் பால் ஊற்றின பால்காரம்மா சேலையூரின் பழைய குடியானவர் வீட்டுப் பெண்பிள்ளை. இரண்டு எருமை வைத்திருந்தாள். சாணியும் அவள் கொடுத்ததுதான். நான் ஐந்தாவது முறையாகச் சாணி கேட்டபோது அவளுக்கே பொறுக்கவில்லை.

"இன்னாம்மா நீ, டீச்சர் வேலைக்குப் போற, இதுகூடத் தெரியலியா? கேட்டு வாங்கினு வந்தா எங்கேருந்து வரும்? களவாண்டுகினு வந்து வச்சாத்தான் வேர் வுடும்."

அந்தப் பக்கத்தில் அது எல்லோரும் நம்பிய விஷயம். செடியைக் கேட்டு வாங்கக் கூடாது, வாங்கினாலும் தேங்க்ஸ் சொல்லக் கூடாது, யாரும் பார்க்காதபோது கிள்ளிக்கொண்டு வந்தால்தான் பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டிலோ பத்துக் கட்டளையைச் சோற்றோடு ஊட்டி வளர்த்தார்கள். அதோடு பெற்ற தாயிடம் என்ன திருட்டு? அதெல்லாம் மூடநம்பிக்கை என்று வகுப்பில் சொல்வதுபோலவே அவளிடமும் சொன்னேன்.

"அப்ப நட்டுக்கினே இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுடைய பெண்ணை மேற்குத் தாம்பரத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தாள். பெண்ணைப் பார்க்கப் போனவள், என் அம்மா வீட்டு அடையாளத்தை விசாரித்து வைத்திருந்து, சுவருக்கு வெளியே நீட்டியிருந்த கிளையில் இரண்டு குச்சியை முறித்து முந்தானைக்குள் செருகிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்குச் சொல்லவே இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் பால் ஊற்றிவிட்டு, "வூட்டாண்ட வா, ஒண்ணு காட்றேன்" என்று கூப்பிட்டாள். மாட்டுக் கொட்டகை ஓரம், உடைந்த பானையில், இரண்டு குச்சியும் துளிர்விட்டு நின்றன. ஒன்றில் ஒரு மொட்டுகூட இருந்தது.

"பார்த்தியா? உங்க அம்மா வூட்டுதுதான். களவாண்டது."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. கோபம்தான். ஏழு மாதம் மண்ணைச் சலித்து, உரம் போட்டு, ஜெபம்கூடப் பண்ணியிருக்கிறேன். இவள் உடைந்த பானையில் செருகினாளாம், வந்துவிட்டதாம். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "ஐயே, சொல்லாத, பட்டுப்பூடும்" என்று என் வாயைப் பொத்தாத குறையாகத் தடுத்தாள். அப்புறம்தான் விஷயம் உறைத்தது. ரோஜா வேர் பிடித்துவிட்டது. அம்மா வரலாம்.

அன்று பள்ளிக்கூடத்தில் கடைசி இரண்டு பீரியடுக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இரண்டு இலையோடு ஒரு துளிரைக் கிள்ளிக் கைப்பைக்குள் வைத்திருந்தேன், அம்மாவிடம் காட்டுவதற்கு. ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் தவித்தேன். அம்மா வீட்டு முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அதனால் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைப்புறம் போனேன்.

அம்மா எனக்கு முதுகைக் காட்டி அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தாள். சோறு அப்போதுதான் வடித்திருந்தாள். வடிகஞ்சி பாத்திரத்திலிருந்து ஆவி பறந்தது. வெட்டி வைத்த ஐந்து ரோஜாக் குச்சிகளை ஒன்றாகப் பிடித்து, அந்தக் கொதிக்கும் கஞ்சிக்குள் அடிப்பாகத்தை முக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை சுட்டபோது அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள். ஏதோ கீர்த்தனையை முனகிக்கொண்டே, அவசரமில்லாமல், தினசரி வேலை ஒன்றைச் செய்வதுபோல் செய்தாள். பிறகு எடுத்து ஈரத்துணியில் சுற்றினாள்.

நான் சத்தம் போடாமல் பின்வாங்கி, சந்து வழியாகவே வெளியே வந்தேன். தெருவில் ரோஜாச் செடிக்குக் கீழே நின்றேன். உள்ளே போய் அந்தக் கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கிக் கொட்ட வேண்டும் போல் இருந்தது. வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏழு மாதம் என்னைப் பைத்தியக்காரி மாதிரி மண்ணைக் கிளற வைத்து வேடிக்கை பார்த்தாளே. அப்போது எதிர்ப்பக்கம் போன ஒரு பெண் என்னைப் பார்த்து, "அம்மா உள்ள இருக்காங்களா? சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்கு வருவாங்கள்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இந்தத் தெருவில் எல்லோருக்கும் அம்மாவைத் தெரியும். ஐந்து நிமிஷ நடையில் கோயில். பள்ளிக்கூடம் போகிற பெண்குழந்தைகள் தினம் சுவரோரம் நின்று தலைக்குப் பூ கேட்பார்கள். சேலையூரில் காலையில் நானும் அவரும் வேலைக்குப் போய்விட்டால், சாயங்காலம்வரை அந்தக் கிழக்கு ஜன்னல்தான் அவளுக்கு. அறை கட்டினேன், கட்டில் போட்டேன், திரை தைத்தேன். வருகிறாயா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன்கதவைத் தட்டினேன். "அம்மா!" என்று உரக்கக் கூப்பிட்டேன்.

"என்ன இவ்வளவு சீக்கிரம்?" என்று கதவைத் திறந்தாள். முகத்தில் ஒரு கணம் திடுக்கிடல். அப்புறம் வழக்கம்போல் துணிச்சுருளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து, "வெயில்ல வச்சிருந்தேன்" என்றாள்.

"போன தடவை வச்சது வேர் விட்டுதா?"

கைப்பைக்குள் அந்தத் துளிர் இருந்தது. அம்மாவுக்குப் பின்னால், திறந்திருந்த கொல்லை வாசல் வழியாக, அவள் விழுந்த கிணற்றடி தெரிந்தது.

"இல்லம்மா. வரல."

அம்மா மூச்சு விட்டாள். "சரி விடு, இதை வச்சுப் பாரு. வராட்டி அடுத்த வாரம் வேற வெட்டித் தர்றேன். சாப்பிட்டுட்டுப் போ, சாதம் இப்பதான் வடிச்சேன்."

சாப்பிட்டேன். முடித்ததும், கிணற்றடியில் பாசி படிந்திருந்த கல்லைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினேன். இதெல்லாம் உனக்கு எதுக்கு என்றாள். இனி புதன்கிழமையும் வருவேன் என்றேன். வா என்றாள்.

பால்காரம்மாவிடம் செடி உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். "களவாண்டு குடுத்தாலும் வாணாங்குது, இன்னா பொம்பளயோ" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் நான் சாணி உருண்டை பிடித்து அந்த ஐந்து குச்சிகளையும் நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நடந்ததையெல்லாம் கேட்டு முடித்திருந்த என் கணவர் படியில் நின்று பார்த்தார்.

"வெந்த குச்சின்னு தெரிஞ்சும் எதுக்கு நடுற?"

"புதன்கிழமை அம்மா கேப்பாங்க, நட்டியான்னு" என்றேன். "அதுக்கும் ஒரு பொய் சொல்ல என்னால முடியாது."