தோல் இல்லாத சரக்கு

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தலையில் மூட்டை சுமந்தே இந்தச் சந்தையில் மூன்று கடை போட்டேன். என் வாய்க்கு எதிர்வாய் இங்கே கிடையாது. எனக்கு எதிரே கீரை விற்றவளுக்கு இருந்தது ஒரே ஒரு பலகை. புருஷன் செத்த பிறகு அதை வைத்தே மகளைக் கட்டிக்கொடுத்தாள். யாராவது தண்டைக் கிள்ளிப் பார்த்தால், “கிள்ளாதீங்க, அதுக்கும் வலிக்கும்” என்பாள். கிள்ளியவர்கள் சிரித்துக்கொண்டே இரண்டு கட்டு எடுத்துப்போவார்கள்.

அந்த வருஷம் புகை இறங்கியது. இறங்கியது ஏறவே இல்லை. நடுப்பகலில் தெருவிளக்கு எரிந்தது. முதலில் இருமல் வரும். அதன் பின்னால், வாயைத் துணியால் மூடிய ஒரு முகம் வரும். திறந்து வைத்த எதையும் ஜனங்கள் தொடப் பயந்தார்கள்.

“தோல் உள்ளதா குடுங்க.” சந்தை முழுக்க இதே பேச்சு. பூசணி, வாழைப்பழம், வெங்காயம் என்று உரிக்கிற சரக்கெல்லாம் பறந்தது. பொய் எதற்கு, எனக்கு நல்ல வியாபாரம்.

கீரைக்கு ஏது தோல்? வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பாள். அந்த ஈரத்தில் கரி வந்து ஒட்டும். அலசுவாள், தெளிப்பாள், மறுபடி கறுக்கும். கடைசியில் அவள் வாடிக்கையில் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருத்தர்தான் மிச்சம்.

“அவங்க வாங்குற வரைக்கும் நான் கடை விரிப்பேண்ணே” என்றாள்.

ஒருநாள் டீச்சரம்மா பலகைப் பக்கம் பார்க்காமலே என்னிடம் வந்தார். “பெரியவரே, சின்னதா ஒரு பூசணி. வெட்டாம, முழுசா.”

“என்ன டீச்சர், எங்கூட டூவா?” என்றாள் கீரைக்காரி.

“ஐயோ அக்கா, அப்படியில்ல. எத்தனை தடவ கழுவுனாலும் மனசு கேக்கல.” தலையைக் குனிந்தபடியே போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. “நான் ஒருத்தன் போதாதா? மொத்தக் கட்டையும் எடுத்து வை தங்கச்சி. புகையத் தின்னே வளந்த உடம்பு இது!”

அவள் என்னையே பார்த்தாள். “ஆக்கித் திம்பீங்களாண்ணே? இல்ல, தெருமுனையில கொட்டிட்டுப் போவீங்களா?”

நான் குனிந்து தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“சரி விடுங்க. பேரனுக்கு மூச்சு இழுக்குது. எங்க வீட்டுலயே கீரை ஆக்குறத விட்டாச்சு. எனக்கும் ஒரு பூசணி குடுங்க.”

மறுநாள் அவள் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. அந்த இடத்தை நான் எடுத்துக்கொண்டால் கேட்க ஆளில்லை. ஆனால் புகைக்குள்ளிருந்து வருகிறவர்கள், அங்கே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒதுங்கிச் சுற்றிப் போகிறார்கள். நானும்தான்.